காத்திருப்பு எங்கே போகிறது?

காலை ஏழே முக்கால். எல்.கே.ஜி. வேன் எட்டேகாலுக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். என் மூத்த பேத்தி ஒரு காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு, மற்றதைக் கையில் பிடித்தபடி அவள் அம்மா முன்னால் நிற்கிறாள். அம்மா மடியில் பேரன் பால் குடிக்கிறான். அவனோடு பிறந்த சின்னவள் தூளிக்குள் முனக ஆரம்பித்திருக்கிறாள். இன்னும் ஒரு நிமிடத்தில் அது அலறலாகும். மருமகன் குளியலறையில். நான் அடுப்படியில், இட்லித் தட்டும் கையுமாக. "அஞ்சே நிமிஷம் பொறும்மா" என்கிறாள் என் மகள். மூத்தவள் பொறுத்தாள். அந்த ஐந்து நிமிடம் வரவே இல்லை. ஒற்றைக் கால் சாக்ஸோடுதான் வேன் ஏறினாள்.

வழக்கமாக மகள்தான் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வருவாள். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடம் கெடக் கூடாது என்பதால் இந்த முறை நான் பாளையங்கோட்டை வீட்டைப் பூட்டிவிட்டுத் தாம்பரம் வந்தேன். மூன்று மாதமாகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றுபோலச் சொல்வது: "ரெட்டைப் பிள்ளைன்னா ரெட்டை வேலைதான், இல்லையா?" முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் இப்படிச் சொல்லக் கூடாது. இரண்டு பிள்ளைக்கு இரண்டு மடங்கு வேலை என்பது சரி. ஆனால் இரண்டு மடங்கு வேலை இரண்டு மடங்கு தவிப்போடு நிற்பதில்லை.

இதைப் புரிந்துகொள்ள டென்மார்க்குக்குப் போக வேண்டும். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் ஆக்னர் கிரருப் எர்லாங் என்ற கணித அறிஞர் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு அழைப்பையும் ஒரு பெண் கையால் இணைத்துக் கொடுக்க வேண்டும். எத்தனை பெண்களை உட்கார வைத்தால் அழைக்கிறவர் சலித்துப்போகாமல் இருப்பார்? எர்லாங் 1909-ல் முதல் கட்டுரையையும், 1917-ல் இன்றுவரை புழங்கும் சூத்திரங்களையும் வெளியிட்டார். ரேஷன் கடை, வங்கி, மருத்துவமனை என்று எங்கே வரிசை நின்றாலும் அதன் கணக்கு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் கணக்கை நம் வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவருவோம். கவுன்ட்டரில் ஒரே ஆள்: அம்மா. வரிசையில் நிற்பவை வேலைகள்: பால் கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, கக்கியதைத் துடைப்பது, அடுப்பில் பொங்கும் பால், மூத்தவளின் டிபன் டப்பா, வாசலில் கூரியர்காரர். எது எப்போது வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சராசரியாக ஒரு வேலைக்கு 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைப் பிள்ளை இருக்கும் வீட்டில் அம்மா ஒரு மணி நேரத்தில் 24 நிமிடம் இப்படிக் கட்டுண்டு கிடக்கிறாள் என்றால் பளு 40 சதவீதம், ஓய்வு 60 சதவீதம். பளுவை ஓய்வால் வகுத்தால் மூன்றில் இரண்டு. அதை 15 நிமிடத்தால் பெருக்கினால் 10. புதிதாக வரும் வேலை தன் முறைக்குச் சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருக்கும்.

இரட்டைப் பிள்ளை வந்ததும் பளு 80 சதவீதம். ஓய்வு 20. வகுத்தால் நான்கு. 15-ஆல் பெருக்கினால் 60 நிமிடம். வேலை இரண்டு மடங்கானது. காத்திருப்போ ஆறு மடங்காகிவிட்டது! இந்த எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை, வீடு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அல்ல. ஆனால் அந்த வளைவு உண்மையானது. பளு நூறு சதவீதத்தை நெருங்க நெருங்க வரிசை செங்குத்தாக ஏறும். "எல்லாம் சமாளிச்சுக்கிட்டுதாம்மா இருந்தேன், திடீர்னு ஒருநாள் ஒண்ணுமே முடியலை" என்று என் மகள் சொன்னது அந்தச் செங்குத்தைத்தான்.

கூர்மையான மாணவி இங்கே கை தூக்குவாள்: "டீச்சர், 80 சதவீதம்னா இன்னும் 20 சதவீதம் சும்மாதானே இருக்காங்க? ஏன் வரிசை வரணும்?" நல்ல கேள்வி. வேலைகள் கடிகாரம் பார்த்துச் சீராக வந்தால் வரிசையே இருக்காது. தாறுமாறாக வருவதுதான் காரணம். கைக்குழந்தைக்குக் கடிகாரம் கிடையாது, அதாவது உடலுக்குள் இருக்கும் கடிகாரம் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. இரவு வந்தால் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரப்புக்கு ஒரு தாளம் கிடைக்கவே பிறந்து மூன்று மாதம் போல ஆகும். சிகாகோவில் நதானியேல் கிளீட்மன் 1953-ல் குழந்தைகளின் தூக்கப் பதிவுகளை வெளியிட்டார். முதல் வாரங்களில் தூக்கம் இரவு, பகல் என்ற பேதமில்லாமல் சிதறிக் கிடக்கும். வாரங்கள் போகப் போகத்தான் இரவுப் பக்கம் திரளும். பெரியவர்களின் தூக்கச் சுழற்சி ஒன்றரை மணி நேரம். குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அத்தனை முறை விழிப்பின் விளிம்புக்கு வந்து போகும். இரண்டு பிள்ளைகள் தத்தம் தாளமின்மையில் அப்படி வந்து போனால் என்ன ஆகும்? எங்கள் வீட்டு இரவுதான் ஆகும்.

அழுகைக்கு மட்டும் ஒரு ஒழுங்கு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962-ல் காட்டினார்: பிறந்ததிலிருந்து அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வாரம் போல உச்சம் தொட்டு, பிறகு தணியும். மாலையில்தான் அதிகம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த ஆறு வாரத்தைப் பிறந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும். இரட்டையரில் பாதிப் பேருக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடுகிறார்கள். நம் வீட்டு ஜோடி 36-வது வாரத்தில். ஆகவே உச்சம் பத்தாவது வாரத்தில் வரும் என்று நோட்டில் குறித்துவைத்தேன். வந்தது. முன்கூட்டிக் கணித்ததற்காக யாரும் என்னைப் பாராட்டவில்லை.

அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் அடங்கும் என்பதை எந்த ஆச்சிக்கும் சொல்லித்தர வேண்டாம். ஜப்பானில் ரிக்கென் ஆய்வு நிலையத்தின் குமி குரோடா குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். அம்மா எழுந்து நடக்கத் தொடங்கிய கணத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குகிறது. எலிக்குட்டியைத் தாய் கவ்வித் தூக்கினால் அதுவும் அப்படியே அடங்குகிறது. 2022-ல் வந்த அவர்களின் ஆய்வு எனக்கே ஒரு பாடம் சொன்னது. நிற்காமல் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். தூங்கிவிட்டது என்று உடனே கிடத்தக் கூடாது. மடியில் வைத்து ஐந்திலிருந்து எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்து, அப்புறம்தான் கிடத்த வேண்டும். பிள்ளையை எழுப்புவது படுக்கையின் குளிர்ச்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மாவின் உடலிலிருந்து பிரியும் கணம்தான் எழுப்புகிறதாம். சரி, ஆனால் இரண்டு பேர் அழுதால்? நடப்பதற்கு ஒருத்தரைத்தான் தூக்க முடியும். இன்னொருத்தர் தூளியில், தூளிக் கயிற்றின் நுனி என் கால் பெருவிரலில்.

வரிசையைக் குறைக்க இன்னொரு வழி, வேலைகளை ஒன்றாகச் சேர்ப்பது. கல்யாண வீட்டில் வருகிறவருக்கெல்லாம் தனித்தனியாக இலை போட்டுப் பரிமாறுவதில்லை, பந்தி போடுகிறோம். ஒருத்தர் பாலுக்கு எழுந்தால் மற்றவரையும் எழுப்பி ஒரே பந்தியில் முடித்துவிடுவது இரட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்கு நர்சுகள் சொல்லித்தருகிற பழைய உபாயம். தூங்கும் பிள்ளையை எழுப்புவதா என்று எனக்கு முதலில் மனசு ஒப்பவில்லை. கணக்குப் போட்டதும் ஒப்பியது. புதுப்பிள்ளை நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். தடவைக்கு அரை மணி என்றாலும், தனித்தனியாகக் கொடுத்தால் 8 முதல் 12 மணி நேரம். பந்தி போட்டால் அதில் பாதி.

"ரெண்டுக்கும் பால் காணுமா?" என்பது அடுத்த கேள்வி. மகளின் மாமியாரும் கேட்டார், நானும் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் இரட்டையருக்குப் பாலூட்டிய தாய்மார்களின் பாலை அளந்து 1986-ல் வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஆறு மாதமான பிறகும் ஒரு நாளில் 840 கிராமிலிருந்து இரண்டு கிலோவுக்கு மேல் வரை சுரந்தது. முப்பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு இரண்டரை மாதத்தில் மூன்று கிலோவையே தாண்டியது. மார்பு என்பது நிரப்பிவைத்த குடம் அல்ல, ஊற்று. இறைக்க இறைக்க ஊறும். பால் கொடுக்கும் தாய்க்குத் தட்டுப்பாடாவது பெரும்பாலும் பால் அல்ல, கைதான்.

இனி சாக்ஸுக்கு வருகிறேன். எர்லாங்குக்குப் பிறகு, 1960-களில், பின்னாளில் இணையத்தின் முன்னோடிகளில் ஒருவராகப் பெயர் பெற்ற லெனார்ட் கிளைன்ராக் வரிசைகளைப் பற்றி ஒரு விதியை நிறுவினார். வரிசையில் யாரை முதலில் கவனிப்பது என்று நீங்கள் எப்படி வேண்டுமானாலும் மாற்றி அமைக்கலாம். வேலையின் அளவும் கவுன்ட்டரின் வேகமும் மாறாதவரை, ஒவ்வொருவரின் காத்திருப்பையும் அவரவர் வேலையின் அளவால் எடைபோட்டுக் கூட்டினால் வரும் மொத்தம் மாறாது. ஒருவர் முன்னால் நகர்ந்ததால் மிச்சப்பட்ட நேரத்தைப் பின்னால் நிற்பவர் சுமந்தே ஆக வேண்டும். ஆற்றல் அழியாது, உருமாறும் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே, அந்த மாதிரிதான். காத்திருப்பு அழிவதில்லை, ஆள் மாறுகிறது.

கைக்குழந்தைக்குக் காத்திருக்கத் தெரியாது. அது அழும், அழுதால் முதலிடம். இரண்டு முதலிடங்கள் இருக்கும் வீட்டில் வரிசையின் கடைசி ஆள் யார்? பேசத் தெரிந்தவள், "சரி" என்று சொல்லத் தெரிந்தவள், நான்கு வயதுக்காரி. இரட்டைப் பிள்ளைகள் காத்திருக்காத நேரத்தையெல்லாம் அவள்தான் காத்திருக்கிறாள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வீட்டிலேயே அதிகப் பசியுள்ள மூளை அவளுடையது. அமெரிக்க மானிடவியலாளர் கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் 2014-ல் கணக்கிட்டார்கள்: மனித மூளை குளுக்கோஸை மிக அதிகமாகச் செலவழிக்கும் வயது கைக்குழந்தைப் பருவம் அல்ல. பெண் பிள்ளைக்கு நான்கு வயது, ஆண் பிள்ளைக்கு ஐந்தை ஒட்டி. அப்போது உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த வயதில் உடல் வளர்ச்சி மந்தப்படுகிறதாம். "ஆச்சி, பல்லி ஏன் கீழ விழல?" "பாப்பாவுக்குப் பல் உள்ள இருக்கா, இனிமேதான் செய்வாங்களா?" இவை தொணதொணப்பு அல்ல. அடுப்பு உச்சத்தில் எரிகிறது, விறகு கேட்கிறது.

அந்த மூளைக்கு "அஞ்சு நிமிஷம்" என்றால் என்னவென்று தெரியாது. நிமிடத்தைவிட மணி பெரியது என்று மழலைப் பள்ளிப் பிள்ளைக்கு ஓரளவு தெரியும். ஆனால் ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது பள்ளியில் சில வருடம் போன பிறகுதான் பிடிபடும். நாம் கடன்பத்திரம் எழுதிக் கொடுக்கிறோம், அதில் தொகையை அவளால் வாசிக்க முடியவில்லை. இப்போது நாங்கள் நிமிடக் கணக்கை விட்டுவிட்டோம். "தம்பி ஏப்பம் விட்டதும் உனக்கு சாக்ஸ்" என்கிறோம். அவளே அவன் முதுகில் காது வைத்துக் காத்திருக்கிறாள். ஏப்பம் அவள் கண்முன் நடக்கிற காரியம். எப்போது முடிந்தது என்று அவளுக்கே தெரியும், எங்களால் ஏமாற்ற முடியாது.

பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் இருவரும் இரண்டாவது பிள்ளை பிறந்த 40 குடும்பங்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்து 1982-ல் ஒரு புத்தகமாக எழுதினார்கள். மூத்த பிள்ளையின் சேட்டை அம்மா சின்னதோடு முனைந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கூடுகிறது. பிள்ளை கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல இது. கவுன்ட்டரில் கண்ணாடியைத் தட்டுவது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பிறந்த பிள்ளையை ஒரு ஆளாகப் பாவித்து, அதற்கு என்ன வேண்டும், ஏன் அழுகிறது என்று மூத்ததோடு கலந்து பேசிய அம்மாக்களின் வீட்டில் பிள்ளைகளுக்குள் ஒட்டுதல் பின்னாளில் கூடுதலாக இருந்தது. நான்கு வயது அதற்குத் தோதான வயது. தான் அறிந்ததை இன்னொருவர் அறியாமல் இருக்கலாம் என்பது மனிதப் பிள்ளைக்கு உறைப்பது அந்த வயதை ஒட்டித்தான். ஆஸ்திரியாவில் விம்மர், பெர்னர் என்ற இருவர் 1983-ல் ஒளித்துவைத்த சாக்லேட் கதை ஒன்றைக் கொண்டு இதைக் காட்டினார்கள். "அவளுக்கு இருட்டுன்னா தெரியாதுல்ல ஆச்சி, அதான் அழறா" என்று மூத்தவள் ஒருநாள் சொன்னபோது நான் தூளியை ஆட்டுவதையே நிறுத்திவிட்டேன்.

இத்தனை இருக்கட்டும், வரிசையை உண்மையிலேயே உடைக்க ஒரே வழி இரண்டாவது கவுன்ட்டர். அதே 80 சதவீதப் பளு, கவுன்ட்டரில் இரண்டு பேர் என்று எர்லாங்கின் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். 60 நிமிடக் காத்திருப்பு 30 ஆகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வந்த விடை மூன்று நிமிடத்துக்கும் குறைவு. கணக்கு தப்பாக இருக்குமோ என்று இரண்டாம் தடவை போட்டேன். அதே விடை.

மனித இனமே இந்தச் சூத்திரத்தில்தான் பிழைத்து வந்திருக்கிறது என்று சொல்லலாம். ஒராங்குட்டான் தாய் ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏழெட்டு வருடம் விடுகிறது, சிம்பன்சி ஐந்தாறு வருடம். முன்னது தன் இரையைத் தானே தேடிக்கொண்ட பிறகுதான் அடுத்தது. நாம் மட்டும் நான்கு வயதுப் பிள்ளை சாக்ஸ் போடத் தெரியாமல் நிற்கும்போதே அடுத்ததைப் பெறுகிறோம், சிலர் இரண்டாக. தனி ஆளாக ஒரு தாயால் முடியாத காரியம் இது. உதவிக்கு ஆள் இருந்ததால்தான் இப்படி ஒரு இனம் உருவானது என்று வாதிடுகிறார் மானிடவியலாளர் சாரா பிளாஃபர் ஹிர்டி. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே கிழவிகள் கிழங்கு தோண்டி மகள் வீட்டுப் பிள்ளைகளைத் தேற்றுவதைப் பார்த்து, பெண்கள் மாதவிடாய் நின்ற பிறகும் நெடுங்காலம் உயிர்வாழ்வதற்கே இதுதான் காரணம் என்றார் கிரிஸ்டன் ஹாக்ஸ். என் இருப்புக்கு இவ்வளவு கௌரவமான விளக்கத்தை வேறு யாரும் தந்ததில்லை. பாட்டிகளோடு கதை முடிந்துவிடவும் இல்லை. மத்திய ஆப்பிரிக்காவின் ஆகா மக்களில் அப்பாக்கள் நாளில் ஏறக்குறைய பாதி நேரம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டோ, கைக்கெட்டும் தூரத்திலோ இருக்கிறார்கள் என்று பதிவு செய்தார் பாரி ஹியூலெட். இந்த வரியை மருமகனுக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாளிலிருந்து ஏழே முக்காலுக்கு முன்பே குளித்துவிடுகிறார்.

உலகெங்கும் இந்த வரிசை நீண்டுகொண்டிருக்கிறது. 1980-களில் ஆயிரம் பிரசவங்களுக்கு 9 இரட்டைப் பிரசவம், 2010-களில் 12. செயற்கைக் கருத்தரிப்பும் தாமதமான தாய்மையும் காரணம். இன்று பிறக்கும் 42 குழந்தைகளில் ஒன்று இரட்டையரில் ஒன்று. வீடுகளோ சிறுத்துவிட்டன. இரட்டையர் கூடி, கைகள் குறையும் காலம்.

பேச்சுக்கும் ஒரு வரிசை உண்டு. மைக்கேல் ரட்டர் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இரட்டையர் பேச்சில் 20 மாதத்தில் 1.7 மாதமும், மூன்று வயதில் 3.1 மாதமும் பின்தங்கியிருந்தார்கள். பிரசவச் சிக்கல்கள் காரணமல்ல. ஒவ்வொருவர் முகம் பார்த்துத் தனியாகப் பேசிய பேச்சு குறைவு என்பதே காரணம். பெரிய பின்னடைவு அல்ல இது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பேசுவதற்கு அம்மாதான் வேண்டும் என்பதில்லை. நான்கு வயதுப் பிள்ளை தன்னைவிடச் சிறியதிடம் பேசும்போது, யாரும் சொல்லித்தராமலே வாக்கியத்தைச் சுருக்கி எளிதாக்கிக்கொள்கிறது என்று ஷாட்ஸ், கெல்மன் இருவரும் 1973-லேயே கண்டிருக்கிறார்கள். எங்கள் மூத்தவள் வேன் இறங்கி வந்ததும் தூளிக்குள் தலையை விட்டு, அன்றைக்கு யார் யாரை மிஸ் திட்டினார்கள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிப்பாள். எனக்குச் சொல்வதைவிட அதைச் சின்ன வாக்கியங்களில் சொல்கிறாள்.

இரட்டைப் பிள்ளை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வேண்டாம். ஏற்கெனவே அலமாரி நிறைய இருக்கிறது. பிள்ளைகளைக் கையில் வாங்கிப் போட்டோ எடுக்கவும் வேண்டாம்; அரை மணி பாடுபட்டுத் தூங்க வைத்திருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் மூத்த பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். செருப்பு மாட்டிவிட்டு, தெருமுனை வரை கூட்டிப்போய்ப் பல்லி ஏன் விழவில்லை என்று பேசிவிட்டு வாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் இன்னும் நல்லது. அழுகை உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான்.